ஒரு நிமிஷம் முந்தி

காவலாளி: அடடா... ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா டீச்சர்? இப்பதான் பறந்துச்சு.

டீச்சர்: ஆந்தையா? இன்னைக்கும் டிமிக்கி குடுத்துருச்சா?

காவலாளி: கடைசி வரிசையில, டாக்டர் கல்லறை மேல... ஜம்முன்னு உக்காந்திருந்துச்சு.

டீச்சர்: நேத்து வக்கீல் கல்லறைன்னீங்க.

காவலாளி: அதுவும் நாலு இடம் பாக்க வேண்டாமா? என்னை மாதிரி கேட்டுலயே கிடக்கணுமா?

டீச்சர்: சரி சரி... மைனா நாலு, மரங்கொத்தி ஒண்ணு. எழுதியாச்சு.

காவலாளி: ஆந்தை ஒண்ணு. அதையும் போடுங்க.

டீச்சர்: என் கண்ணுல படாதத நான் எழுத மாட்டேண்ணே. எங்க பறவைச் சங்கத்துல அதுல ரொம்பக் கண்டிப்பு.

காவலாளி: நான் பாத்தா ஆகாதாக்கும்!

டீச்சர்: சங்கத்துக்காரங்களே ஞாயித்துக்கிழமை வராங்க. இருபது பேரு, கேமராவும் கையுமா. உங்க ஆந்தையப் பாக்கத்தான்.

காவலாளி: ...இருபது பேரா?

டீச்சர்: ஆமா, காலையிலயே வந்துருவாங்க.

காவலாளி: வேண்டாம் டீச்சர். கூட்டத்தப் பாத்தா அது மிரண்டுரும்...

டீச்சர்: இங்க படுத்திருக்கற ஆயிரம் பேரப் பாத்து மிரளலையே.

காவலாளி: அவங்கதான் பேச மாட்டாங்களே... எனக்கும் அதான் கஷ்டம்.

டீச்சர்: அண்ணே... என்ன ஆச்சு?

காவலாளி: செருப்பக் கழட்டி அடிங்க, வாங்கிக்கிறேன். ஆந்தை செத்து ரெண்டு மாசம் ஆச்சு. மழையில விழுந்து கிடந்துச்சு. நான்தான் புதைச்சேன்.

டீச்சர்: ஏண்ணே அன்னைக்கே சொல்லல?

காவலாளி: சொன்னா நீங்க வரமாட்டீங்களோன்னு பயம். இந்த கேட்டுக்குள்ள வரவங்க அழுவாங்க, போயிருவாங்க. சாப்டியான்னு கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்.

டீச்சர்: தண்ணிக்குழாய் பக்கத்துல... சுத்தி வெள்ளைக் கல்லு வச்சிருக்கீங்க.

காவலாளி: தெரியுமா!

டீச்சர்: மறுவாரமே அது இருந்த பொந்துல மைனா குடி வந்துருச்சேண்ணே. ஆந்தை உயிரோட இருந்தா விட்டிருக்குமா?

காவலாளி: அப்புறம் எதுக்கு தினமும் 'எங்க உக்காந்திருந்துச்சு, எங்க உக்காந்திருந்துச்சு'ன்னு கேட்டீங்க?

டீச்சர்: வீட்டுல எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்ல. நீங்க தினமும் ஒரு பதில் வச்சிருந்தீங்க.

காவலாளி: ...அப்ப ஞாயித்துக்கிழமை? அந்த இருபது பேருக்கு என்னத்தக் காட்டறது?

டீச்சர்: ஒருத்தரும் வரமாட்டாங்கண்ணே. சங்கம் கலைஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. எனக்கும் நாலு பேர் இருக்காங்கன்னு உங்ககிட்டக் காட்டிக்க ஆசை, அவ்வளவுதான்... நாளைக்கு ஆந்தை எந்தக் கல்லறை மேல உக்காரும்னு இப்பவே சொல்லிருங்க. ஒரு நிமிஷம் முந்தி வந்துடறேன்.