எமெட் ராஸ்முசெனின் கை தளரவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் துப்பாக்கிச் சங்கத் தலைவர் கிளிஃப் அமுண்ட்சன் அவர்களே, ஜெபம் சொல்லி முடித்த பாஸ்டர் டேல் அவர்களே, முதல் வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எமெட்டின் மனைவி ஆல்மா அவர்களே, இந்தப் பனியிலும் பிக்கப் வண்டியை உருட்டிக்கொண்டு, எமெட்டை நினைவுகூரத் தீயணைப்புக் கூடத்துக்கு வந்து சேர்ந்த ஊர் மக்களே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் லோரீன். எமெட் ராஸ்முசெனின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பால் கறக்க ஆள் வேண்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். ஆகவே அழகாகப் பேச வராது. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதையும் இப்போது மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? சற்று முன் கிளிஃப் இங்கே நின்று என்ன சொன்னார்? "கடைசிக் காலத்தில் கை கொஞ்சம் தளர்ந்துவிட்டாலும், எமெட் நல்ல மனிதர்" என்று சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். பின்னால் காபி ஊற்றுகிறவர்கள்கூட ஆட்டினார்கள். நான் பார்த்தேன்.

அந்தக் கை தளரவில்லை! இதைச் சொல்லத்தான் நிற்கிறேன். சொல்லி முடிக்கும்வரை உட்கார மாட்டேன். கிளிஃப், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

முதலில் அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று சொல்கிறேன். நான் கடையைப் பெருக்க வந்தவள். முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு, ஒரு துப்பாக்கியின் பேரலைக் கையில் கொடுத்து, அதன் மேலே இருந்த கடுகளவு துளையைக் காட்டினார்.

"லோரீன், நீ வீட்டுல பீன்ஸ் வேக வெச்சு டப்பா போடுவியா?"

"போடுவேன்."

"குக்கர்ல ப்ரெஷர் அடங்கறதுக்கு முன்னாடி மூடியத் திறந்தா?"

"கூரையில பீன்ஸ் ஒட்டும்."

"அவ்வளவுதான் என் தொழில். மீதிய நீயே கத்துக்குவ."

அவ்வளவுதான் அவருடைய தொழில்! சுட்டதும் குண்டு முன்னால் ஓடுகிறது. அதைத் தள்ளும் வெடிமருந்துக் கேஸில் கொஞ்சம் அந்தத் துளைக்குள் ஏறி, மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வந்து, பேரலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது, அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. துளை நம் பக்கத்தில் இருந்தால், குழாய் குட்டை. கேஸ் கோபமாக, முந்தியே வந்து கதவை உடைக்கும். துளை தள்ளி இருந்தால், குழாய் நீளம். கேஸ் ஆறிப்போய் நிதானமாக வரும். ஆனால் துளையைத் தாண்டிய பிறகும் குண்டு ஓடுவதற்குப் பேரல் மிச்சம் இருக்க வேண்டும். குண்டு பேரலின் வாயை விட்டுப் போய்விட்டால் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? மூடி திறந்த குக்கர்தான். இந்தக் கணக்கைப் படித்தவர்கள் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எமெட் காதால் கேட்பார். தெறித்த கூடு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்ப்பார். முன்னால் பறந்தால், "பேராசைக்காரன், கேஸ் ஜாஸ்தி குடிக்கிறான்" என்பார். காலடியில் சோம்பி விழுந்தால், "பட்டினி கிடக்கான்" என்பார். வலது பக்கம், கொஞ்சம் பின்வாக்கில், ஒரே இடத்தில் குவிந்தால்தான் சிரிப்பார்.

அவர் கடையை விட்டு ஒரு துப்பாக்கி சும்மா வெளியே போயிருக்கிறதா? தோட்டா அடுக்கும் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட வேண்டும். போல்ட் பின்னால் போய், அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் துப்பாக்கி வீட்டுக்குப் போகாது. அதற்கும் முன்னால் ஒரு ராத்திரி முழுக்க அதைக் காலியாக்கி ஐஸ் பெட்டியில் எல்க் மான் கறியோடு படுக்க வைப்பார். நம் ஊர் ஜனவரிக்கு அதுதான் சோதனை. ஆல்மா, நீங்கள் கத்தினது எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏ கிழவா, ஒரு நாள் ஸ்டீக்குக்குப் பதிலா பேரலத்தான் வறுத்து வைக்கப் போறேன், வெங்காயம் போட்டு!" அதற்கு அவர், "நீளத்தப் பாத்து வறு. குட்டையா இருந்தா சீக்கிரம் தீஞ்சுடும்" என்பார்.

சிரியுங்கள். அவருக்கும் பிடிக்கும்.

மூன்று கேள்வி கேட்காமல் துளையில் கை வைக்க மாட்டார். எந்தத் தோட்டா போடுவே? எந்தக் குளிர்ல சுடுவே? முனையில என்ன மாட்டுவே? சின்னக் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் டாக்டர் போலக் கேட்பார். துளையைப் பெரிசாக்கலாம், சின்னதாக்க முடியுமா? முடியாது. போட்டது போட்டதுதான்.

இனி, நீங்கள் எல்லாரும் கஃபேயில் பேசிய கதைக்கு வருகிறேன். மாடு வளர்க்கும் வேட் கெட்டில்சனின் துப்பாக்கி.

வேட், நீ கடைசி வரிசையில் கதவோரம் நிற்கிறாய். போய்விடாதே. உன்னைத் திட்ட வரவில்லை.

பிக்கப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வேட் தன் நீளப் பேரலில் நாலு அங்குலத்தை வெட்டி எறிந்தான். துளை இருந்த இடத்தில்தான் இருந்தது. குழாயும் அதே நீளம். துளைக்கு அப்புறம் பேரல் எவ்வளவு மிச்சம்? நாலு விரற்கடை! பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்? குளிரில் இரண்டு தடவைக்கு ஒரு தடவை சிக்கியது. கொண்டு வந்தான்.

"துளையக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க எமெட், அஞ்சு நிமிஷ வேல."

"துளை மேல தப்பில்ல வேட். தூரத்து மேல தப்பு. வேற பேரல் போடணும். நடு நீளக் குழாயோட."

"பேரல் விக்கப் பாக்கறீங்க."

"ஆமா, நான் கோடீஸ்வரன் ஆகப்போறேன். அலாஸ்காவுல வீடு பாத்து வச்சிருக்கேன். மாட்டேன்னா மாட்டேன்!"

இது எல்லாருக்கும் தெரியும். வேட்தான் ஊர் முழுக்கச் சொன்னானே. அடுத்தது என்ன நடந்தது? இதயத்தைச் சோதிக்க எமெட்டைப் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று நாள் கடையில் நான் மட்டும். இரண்டாம் நாள் வேட் வந்தான். கன்று ஈனும் காலம், மலைச்சிங்கத்தின் தடம் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டது என்றான். "லோரீன், உனக்குத் தெரியாத வேலையா இது?" என்றான்.

எனக்குத் தெரியாத வேலையா! அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. இருபது வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கேளுங்கள் ஊராரே. அந்தத் துளையைப் போட்டது எமெட் இல்லை. நான்.

ஆமாம், நான்தான்! ஒரு தோட்டா போட்டேன், போல்ட் நின்றது. ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், நின்றது. முதல் இரண்டு கேள்வியையும் கேட்டேன். மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. பெருமையில் மறந்துவிட்டேன். வேட் வீட்டுக்குப் போய், சத்தத்தில் மாடு மிரளக் கூடாது என்று முனையில் சைலன்சரை மாட்டினான். சைலன்சர் கேஸைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். பெரிய துளைக்குள் அவ்வளவும் ஏறியது. ஒரு விடியற்காலை, கொட்டகைக்குள் மலைச்சிங்கம் புகுந்தபோது, முதல் குண்டு தவறியது. போல்ட் வேகமாகப் பிய்த்துக்கொண்டு திறந்தது. கூட்டின் விளிம்பு மட்டும் அதோடு வந்தது, கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது குண்டு போகவே இல்லை. மூன்று கன்றுகளும், அவற்றுக்குக் குறுக்கே பாய்ந்த பிக்கிள் என்ற நாயும் போயின.

வேட், பிக்கிள் என் கையில் பிஸ்கட் தின்றிருக்கிறாள். உன்னிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டு வருஷமாகப் பாக்கி நிற்கிறது. இன்று எல்லார் முன்னும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள்! எமெட் பில்லிங்ஸிலிருந்து வந்து, அந்தத் துப்பாக்கியைப் பிரித்து, துளைக்குள் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என் கை இல்லையே."

நான் அழுதேன். ஊரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? பெருக்க வந்த பொம்பள போட்ட துளைன்னா? நாளையிலிருந்து உன் கையில எவன் துப்பாக்கி குடுப்பான்?"

"உங்க பேரு கெடுதே, எமெட்."

"கடைக்குள்ள போட்ட துளை எல்லாம் என் துளை. ராத்திரியே பில்லிங்ஸிலிருந்து வந்து கடைசியா அதப் பெருசாக்கினது நான்தான்னு வேட்கிட்ட சொல்லிடறேன். உனக்கு இந்த ஊர்ல இன்னும் முப்பது வருஷம் வேல இருக்கு. எனக்கு ரெண்டோ மூணோ. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். காப்பாற்றினேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று எனக்குத்தான் தெரியும். கஃபேயில் "கிழவன் கை நடுங்குது" என்று அவர் காதுபடச் சொன்னீர்கள். அவர் முட்டையைத் தின்றுகொண்டே இருந்தார். வேட்டைக்காலத்துக்கு முன் ஊர்த் துப்பாக்கிகளைச் சரிபார்த்துத் தரும் சோதனை நாளை அவரிடமிருந்து பிடுங்கி, தபாலில் ஸ்பிரிங் அனுப்பும் வெளியூர்க்காரர்களிடம் கொடுத்தீர்கள். சுடுகளத்தில் 'எமெட்டின் மேசை' என்று இருந்த பலகையைக் கழற்றினீர்கள். அவர் என்ன சொன்னார்? "ஆணி நல்ல ஆணி, வளைக்காமக் கழட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்!

"நான் உசுரோட இருக்கற வரைக்கும்" என்றுதானே எமெட் சொன்னார்? செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். சத்தியமும் அவரோடு போய்விட்டது. ஆல்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "நீ சொல்லலன்னா நானே மேடையேறிச் சொல்லுவேன்" என்றார். ஆல்மாவுக்கு முன்பே தெரியுமாம். மனைவியிடம் எமெட் எதை மறைத்தார்!

இனி இதைப் பாருங்கள். இந்தத் துணியில் சுற்றி வைத்திருப்பது ஒரு பேரல். வியாழக்கிழமை அவருடைய மேசைக்கு அடியில் கிடைத்தது. நடு நீளக் குழாய். கேஸைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி. துளையை மூன்று வாரத்துக்கு முன் போட்டிருக்கிறார், தேதி இருக்கிறது. கிளிஃப், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கே வாருங்கள். துளையைப் பாருங்கள். விளிம்பில் ஒரு பிசிறு இருக்கிறதா? மையத்தை விட்டு ஒரு மயிரளவு விலகியிருக்கிறதா? நாலு தடவை அளந்தேன் நான். எழுபத்தாறு வயசு, பாதி இதயம், அந்தக் கை போட்ட துளை இது! சொல்லுங்கள், தளர்ந்ததா?

உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

நன்றி, கிளிஃப். அந்தப் பலகை உங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது என்று தெரியும். ஆணிகள் என்னிடம் இருக்கின்றன. வளையவில்லை.

இந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்கும். சோதனை நாள் இனி அங்கேதான் நடக்கும். சங்கம் அனுமதி கொடுத்தாலும் நடக்கும், கொடுக்காவிட்டாலும் நடக்கும். தப்பான துளை போட்டவளிடம் எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கிறீர்களா? யோசியுங்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் மூன்றாவது கேள்வியை இனி ஒருபோதும் மறக்காத ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். கதவில் எமெட் ராஸ்முசென் என்ற பேர் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே என் பேரை நானே எழுதப் போகிறேன். நல்லதோ கெட்டதோ, நான் போடும் துளை இனி என் பேரில் இருக்கட்டும்.

இந்தப் பேரலில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது. அவர் கையெழுத்து. கோடு போட்டது போல நேராக இருக்கிறது. படிக்கிறேன்.

"வேட் கெட்டில்சன். நடு நீளம். முனையில் சைலன்சர் உண்டு."

ஊரெல்லாம் ஏசிய காலத்தில், ஏசியவனுக்காகச் செய்து வைத்திருக்கிறார். வேட், நீ தொப்பியைக் கழற்றிவிட்டாய், பார்க்கிறேன். சனிக்கிழமை முதல் ஆளாக நீ வா. ஒரே ஒரு தோட்டா கொண்டு வா. போல்ட் பின்னால் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், நீ எவ்வளவு கத்தினாலும் அது என் கடையை விட்டு வெளியே போகாது.