ஒசாகா வீட்டின் இரண்டு கசற்றுகள்

பெயர்: வாகீசன் கோணேஸ்வரி. வயது: 27. விலாசம்: டோர்செட் பார்க், ஸ்காபரோ, ரொறன்ரோ. படிப்பு: விஞ்ஞானப் பட்டதாரி. பதினான்கு மாதப் பெண் குழந்தையின் தாய்.

சம்பவம் நடந்து மூன்றாம் நாள், 12.03.1997 அன்று, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பொலிசாருக்கு என் கையால் எழுதிக் கொடுப்பது:

என்மீது முறைப்பாடு செய்திருக்கும் சண்முகநாதன் என் கணவரின் அக்காவின் கணவர். ஏழு வருடம் யப்பானில் வேலை செய்தவர். அங்கே வீட்டு விலை பாதியாக விழுந்துவிட்டது, ஒசாகாவில் பழைய ஓரறை அப்பார்ட்மென்ற் ஒன்றை வாங்கிவிட்டால் வாடகை வரும், மூன்று வருடத்தில் ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் சொந்த வீடு எடுக்கலாம் என்று 1995 ஒக்டோபரில் சொன்னார். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. முற்பணத்துக்குச் சேர்த்த முழுக் காசையும் என் கணவர் கொடுத்தார்.

பத்திரம் யப்பான் எழுத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் ஒசாகா போய், நல்ல நேரம் பார்த்து அந்த வீட்டில் பால் காய்ச்சி, அதை வீடியோக் கசற்றில் எடுத்து வந்து போட்டுக் காட்டினார். கதவில் 305 என்று இருந்தது. பால் பொங்கி அடுப்பின் இடப்பக்கமாக வழிந்து சுவர்வரை ஓடியது. எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அதன் பிறகு மொழிபெயர்ப்பை நான் கேட்கவில்லை.

வாடகை நான்கு மாதம் வந்து நின்றுவிட்டது. திருத்த வேலை நடக்கிறது என்றார்.

கடந்த சனிக்கிழமை எங்கள் கட்டிடத்திலுள்ள வேரோனிக்கா, தாங்களும் போன வருடம் சண்முகநாதன் மூலம் யப்பானில் வீடு வாங்கியதாகச் சொல்லித் தன் கசற்றைப் போட்டார். அவர்கள் கத்தோலிக்கர். மாதா படம் வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தது. கதவில் 305. அடுப்பின் இடப்பக்கத்தில் பால் கருகிய கறை சுவர்வரை இருந்தது.

"ஆரடி உதைத் துடைக்காமல் விட்டது?" என்று வேரோனிக்கா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாள் சண்முகநாதன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அடுத்த நாள் யப்பானுக்குப் பறக்க இருந்தார்.

"அண்ணை, எங்கட வீட்டுக்கை மாதா எப்ப குடிவந்தவ?" என்று கேட்டேன்.

"என்ன பிள்ளை விசர்க்கதை?"

"வேரோனிக்கான்ர கசற்றைப் பார்த்தனான். எங்கட பால் அதிலை காய்ஞ்சு கிடக்கு."

"அங்க எல்லா அறையும் ஒரே மாதிரித்தான். கம்பஸ் படிச்ச பிள்ளை அடுப்புக் கறையை ஆராய்ச்சி செய்யுது! டேய் வாகீசன், உன்ர மனிசியை அடக்கு."

என் கணவர், "அத்தானிட்டை மன்னிப்புக் கேள்" என்றார்.

அதன் பிறகு சண்முகநாதன் கை கழுவ எழுந்தபோது, கதிரையில் கிடந்த அவர் கோட்டிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துப் பிள்ளையின் பம்பர்ஸ் பெட்டிக்குள் வைத்தேன். அவர் அதைக் கண்டு என் கையை முறுக்கினார்; பெட்டியை நான் விடவில்லை. நான் தேநீர்க் கோப்பையை எறிந்தேன். அது அவர்மேல் பட்டது என்பது பொய். படவேண்டும் என்று எறிந்தது உண்மை.

பிள்ளை பிறந்த பிறகு எனக்கு மூளை சரியில்லை என்று என் கணவர் உங்களிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். வேரோனிக்காவிடம் வாங்கி வந்த கசற்றைப் பார்க்கும்படி மூன்று நாளாக அவரைக் கேட்கிறேன். அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னதை வைத்து என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்க வேண்டாம். கடவுச்சீட்டையும் இரண்டு கசற்றுகளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்துச் சண்முகநாதன் விமானம் ஏறுமுன் யாராவது ஒருவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதன் ஆங்கில வடிவத்தை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்கு எதிரானவை உட்பட எல்லாம் உண்மை. ஒரு சொல்லையும் மாற்ற விரும்பாமல் ஒப்பமிடுகிறேன்.

வா. கோணேஸ்வரி