பின்கை

கதிரை வேண்டாம், சேர். நின்றுகொண்டே பேசுகிறேன். உட்காருவதில் எனக்குக் கஷ்டமில்லை, எழும்புவதில்தான் இருக்கிறது. எழும்பும்போது நான் முகம் சுளித்தால் உங்களுக்குப் பாவமாகத் தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால் நான் சொல்வதை நீங்கள் சரியாகக் கேட்க மாட்டீர்கள். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். சீனி வேண்டாம்.

என் பெயர் ஜீவன். ஸ்பிரிங்வெளித் தோட்டம். பதுளை டவுனில் முதலாளி ஹுமைத் நானாவின் ஸ்டூடியோவில் வேலை. போன கிழமை எங்கள் தோட்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும்போது மதிலிலிருந்து ஒருவன் விழுந்தான் அல்லவா, லோகநாதன், லோகு என்போம், அவன் என் கூட்டாளி. ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா எங்களுக்கு, நடுவில் ஒரு சுவர்தான். விபத்து என்று நீங்கள் பதிந்திருக்கிறீர்கள். கால் வழுக்கிவிட்டது என்று அவனே ஆஸ்பத்திரியில் படுத்தபடி உங்கள் பொலிஸ்காரரிடம் சொன்னானாம். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

அது விளங்க வேண்டுமென்றால் எங்கள் வேலை கொஞ்சம் விளங்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோர்த்து நடந்து வர, படம் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அவர்களுக்கு முன்னால் மிதந்துகொண்டே போகும். பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் மெஷின் செய்கிறது என்று நினைக்கிறார்கள். மெஷினுக்குக் கால் இல்லை, சேர். நெஞ்சில் தகடு வைத்த ஜெக்கட் ஒன்றை மூச்சு முட்ட இறுக்கிக் கட்ட வேண்டும். அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை ஒன்று முன்னுக்கு நீளும். அதன் முனையில் ஒரு கம்பம். மேலே கேமரா, கீழே பெட்டரியும் சின்னத் திரையும். ஸ்டெடி என்போம். அரிசி மூட்டையை நெஞ்சுக்கு முன்னால், நெஞ்சில் படாமல் ஏந்திக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் பின்பக்கமாக நடக்க வேண்டும். மலையில் நடக்க வேண்டும்.

முன்னுக்குச் சாய்ந்தால் கேமரா ஓடப் பார்க்கும். பின்னுக்குச் சாய்ந்தால் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். கம்பத்தை இரண்டு விரலால் தொடலாம், அழுத்திப் பிடித்தால் படம் நடுங்கிவிடும். முழங்காலை எப்போதும் கொஞ்சம் மடக்கியே வைத்திருக்க வேண்டும். எல்ல ஊர்ப் பக்கத்துக் காற்று சும்மா இருக்காது, கேமராவைப் பிடித்துத் திருப்பும். அட்டை காலில் ஏறினால் குனிய முடியாது, அது இரத்தம் குடித்து முடியும்வரை நிற்க வேண்டியதுதான். கழற்றி வைத்த பிறகும் உடம்பு அதைச் சுமந்துகொண்டே இருக்கும். பசறை பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் முழங்காலை மடக்கி நின்றுகொண்டு வந்திருக்கிறேன், லோகு விழுந்து விழுந்து சிரிப்பான்.

கண் எந்நேரமும் சின்னத் திரையில் இருப்பதால் காலடி தெரியாது. அதனால் முதுகுப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் அவரைப் பின்கை என்போம். பின்கையின் ஒரு கை எப்போதும் இடுப்புப் பட்டியில் இருக்கும். வலப்பக்கம் இரண்டு விரல் பட்டால் வலது. இடப்பக்கம் பட்டால் இடது. பட்டியைப் பிடித்துவிட்டால் நில். எல்லாவற்றுக்கும் விரல்தான் பாஷை, ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்ச்சொல். அந்தச் சொல் ‘கான்’.

உங்களுக்குத் தெரியும், தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருக்கும். அதுதான் கான். எங்கள் அப்பாமார் வெட்டியது. செடிக்கு அடியில் மறைந்திருக்கும், புதிதாக வருகிறவன் கட்டாயம் காலை விடுவான். அதைப் பின்பக்கமாகத் தாண்ட வேண்டுமென்றால் காலைத் தூக்கி அகலமாக ஒரு எட்டு வைக்க வேண்டும். அதுவும் நடையின் தாளம் கெடாமல் வைக்க வேண்டும். விரலால் சொல்லி விளங்காது. ஆகவே காதோடு ‘கான்’ என்று சொன்னால் உடனே கால் எழும்பிவிடும். யோசித்தால் படம் கெட்டுவிடும். யோசிக்காமல் பழகுவதற்குத்தான் எங்களுக்கு அத்தனை காலம் எடுத்தது.

அப்போது நான் ஸ்டெடி, லோகு பின்கை. அவன் அருமையான பின்கை. மறுக்க மாட்டேன். படப்பிடிப்புக்கு முன்னால் என் கால் இரண்டிலும் அவனே சவர்க்காரம் பூசிவிடுவான், அட்டை ஏறாமல். என் தாயாரும் பூசிவிட்டதில்லை அப்படி.

பிறகு என் இடுப்பு போனது. முதலில் நோவு, அப்புறம் இடது காலில் விரல்கள் மரத்துப்போயின. பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் படியிறங்கும்போது கால் என்னுடையதாகவே இல்லை. லோகு இடுப்புப் பட்டியோடு என்னைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தான். படத்தில் தெரியவே இல்லை. அன்று திரும்பும்போது பஸ்ஸில் வைத்து அவனிடம் மட்டும் சொன்னேன்.

“ஒருத்தருக்கும் தெரியப்படாது மச்சான். தெரிஞ்சா கேமராவ வாங்கிப்புடுவாங்க.”

“வேணாம்டா. டொக்டர்ட்ட காட்டு மொதல்ல.”

“ஒன்னய நம்பித்தான் சொன்னேன். சத்தியம் பண்ணு.”

அவன் சத்தியம் பண்ணினான். மனசில்லாமல்தான் பண்ணினான், ஆனால் பண்ணினான். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவனே என் சப்பாத்துக் கயிற்றையும் கட்டிவிட்டான், நான் குனிவதை யாரும் கவனித்துவிடக் கூடாதென்று.

ஒரு நாள் ஸ்டூடியோவுக்குள் போகிறேன், ஹுமைத் நானா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்.

“ஜீவன், ஒங்கட இடுப்புல பெரிய கோளாறு ஈக்கிதாமே. ஏன் என்னட்ட சொல்லல்ல?”

அவர் பக்கத்தில் லோகு நின்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். இனிப் பாரம் தூக்கினால் கால் வராது என்று டொக்டர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அது என் கால். அதை வைத்திருப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவன் நான்.

வெளியே வந்து லோகு என் கையைப் பிடித்தான். “நீ படுத்த படுக்கையாப் போயிருவன்னு பயந்துதான்டா சொன்னேன். ஏசுறதுன்னா ஏசு.”

நான் ஏசவில்லை. பயந்திருந்தால் என்னிடம் வந்து பயந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமல், எனக்காக, எனக்குப் பின்னால் போய்ப் பேசியிருக்கிறான். முதுகை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு நடக்கிற தொழில் இது, சேர். அவன் வாய் திறந்த அன்றைக்கே என்னை அவன் கைவிட்டான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெடியை ஹுமைத் நானா அவனுக்குக் கொடுத்தார். அவன் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். வேறு யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாததால் கடைசியில் கட்டிக்கொண்டான். என்னை வெளியே அனுப்பக் கூடாதென்று ஹுமைத் நானா என்னைப் பின்கையாகப் போட்டார். அதையும் லோகுதான் கேட்டு வாங்கினானாம். பார்த்தீர்களா, மறுபடியும் என்னைக் கேட்கவில்லை.

இருந்தும் நான் நல்ல பின்கையாக இருந்தேன். ஸ்டூடியோவில் யாரையும் கேளுங்கள். அவன் காலுக்குச் சவர்க்காரம் பூசினேன். ஒரு கானில்கூட அவன் காலை விட்டதில்லை. கோபம் எல்லாம் ஒன்றுமில்லை. ஒரேயொரு விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜெக்கட்டின் தகடு வருடக்கணக்கில் என் உடம்புக்கு வளைந்திருந்தது. என் விலா எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியும். லோகு அகலமான ஆள், அவனுக்கு அது குத்தியது. ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து அதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்பத்தான் மச்சான் மூச்சு விட முடியுது,” என்றான்.

நான் சிரித்தேன்.

போன கிழமை வந்தவர்கள் பண்டாரவளைக்காரர்கள். மாப்பிள்ளை றுஷ்தி, பெண் இஸ்ரா, நல்ல பிள்ளைகள். கல்யாண உடுப்போடு தேயிலைக்குள் நடந்து வர வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். ஸ்பிரிங்வெளியை நான்தான் சொன்னேன். முதல் நாள் பின்னேரம் நான் தனியாகப் போய் இடம் பார்த்தேன். எந்தப் பின்கையும் அதைச் செய்வான், அதில் திட்டம் என்று எதுவுமில்லை. மேலேயிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை செடிகளுக்கு நடுவே இறங்கி வருகிறது. ஒரு வாகை மரம். பின்பக்கமாக இறங்குகிறவனுக்கு அதன் வலப்பக்கம், மண் சரியாமலிருக்கக் கட்டிய பழைய கருங்கல் மதிலின் விளிம்பு. கீழே தோட்டத்து ரோட்டு, ரோட்டோரமாகக் கல் பதித்த கான். மதில் நீங்களும் நானும் ஒருவர் தோளில் ஒருவர் நின்றாலும் எட்டாத உயரம், போய்ப் பார்த்திருப்பீர்கள்.

காலையில் ஒத்திகை பார்த்தோம். வாகை மரத்தடியில் நான் பட்டியைப் பிடிப்பேன், அவன் நிற்க வேண்டும் என்று பேச்சு. லோகு சரியாக நின்றான். அவன் பெண்ணிடம் சொன்னான், “என்னயப் பாக்காதீங்க தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு வாங்க. நான் விழ மாட்டேன், எனக்குப் பின்னால ஜீவன் இருக்கான்.” அந்தப் பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். அதனால் அவர்கள் எதையும் பார்க்கவில்லை. அவர்களை இனிக் கூப்பிட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

டேக் தொடங்கியது. மூடுபனி விலகி வெளிச்சம் செடியின் மேல் நன்றாக விழுந்தது. லோகு அழகாக நடந்தான். நான் அவனுக்கு நேர் பின்னால் நிற்கவில்லை, கொஞ்சம் பக்கமாக நடந்தேன். அவனுடைய வலது இடுப்பில் என் இரண்டு விரல் இருந்தது. வழி நெடுக இருந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் வந்தான். வாகை மரம் வந்தது. நான் பட்டியைப் பிடிக்கவில்லை. இன்னும் படம் இருக்கிறது என்று நினைத்து அவன் நடந்தான். அப்புறம் நான் காதோடு ஒரு சொல் சொன்னேன்.

“கான்.”

அவன் காலைத் தூக்கி அகலமாக ஒரு எட்டு வைத்தான். நான் பட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எடுக்காவிட்டால் நானும் போயிருப்பேன், என் இடுப்பு அந்தப் பாரம் தாங்காது.

நான் பொய் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். கீழே கான் இருந்தது.

ஜெக்கட்டில் ஒரு ஊசி இருக்கிறது, சேர். அதை இழுத்தால் கேமரா, கம்பம் எல்லாம் கழன்று தனியாக விழும். ஆளுக்குத் தப்ப ஒரு வழி இருக்க வேண்டுமென்று வைத்தது. காலையில் நான்தான் அதற்கு எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. அவன் அதை இழுக்கவில்லை. கேமராவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மல்லாக்க விழுந்திருந்தான். நான்தான் முதலில் கீழே இறங்கிப் போனேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் நோவு இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“கான் எங்க மச்சான்?” என்று கேட்டான்.

அவன் அதற்குள்தான் கிடந்தான். காலை அசைத்துப் பார் என்றேன். எந்தக் காலை என்று கேட்டான்.

இனி நடக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். அவன் பெஞ்சாதி தனுஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க பக்கத்துல இருந்ததாலதாண்ணே உசுரோட இருக்காரு. அவரே சொன்னாரு. நீங்க நில்லுன்னு சொன்னீங்களாம், இவருதான் கேக்காம கால வச்சு வழுக்கிட்டாராம்.” லோகு கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. தனுஜா சுடுதண்ணி வாங்கப் போன பிறகு மெதுவாகச் சொன்னான், “நான் சொல்லிப்புட்டேன் மச்சான். நீ ஒண்ணும் பேசாத. ரெண்டு பேரும் கெட்டுப்போக வேணாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, சேர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை. மறுபடியும் என்னைக் கேட்காமல், எனக்காக, எனக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டான். ஒருமுறை பட்டும் அவனுக்குப் புத்தி வரவில்லை.

அதனால் நீங்கள் எழுதியதைத் திருத்துங்கள். நில் என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்காமலும் இல்லை. சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு, யோசிக்காமல் காலை வைத்தான். அவன் வைத்ததிலேயே திறமான எட்டு அதுதான். வழுக்கியது என்பது சுத்தப் பொய், சேர். வழுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாதென்று அந்த விளிம்பில் இருந்த பாசியை நான் முதல் நாளே கத்தியால் சுரண்டிவிட்டு வந்தேன்.