விற்பதற்கு முன் சில ஆலோசனைகள்

"வீட்ல நாய் இருக்கா?"

"நாய் இல்ல. அக்கா இருக்கா."

"கடிப்பாங்களா?"

"உங்க ஷூவைப் பாத்துட்டு முடிவு பண்ணுவா."

ஜேரட் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். கூர்மூக்கு வைத்த பழுப்பு நிற ஷூ. மெல்பர்னில், எங்கள் கோபர்க் பக்கம் வீடு விற்றுத்தரும் ஏஜென்ட்கள் எல்லோருமே அப்படித்தான் போடுகிறார்கள். என் அக்கா பெரில் அவர்களுடைய ஷூவுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். ஜேரட்டுக்கு நான்கு கிடைத்தது. "ரெண்டு மார்க் பாலிஷுக்கு, ரெண்டு மார்க் தைரியத்துக்கு" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவனும் சிரித்துவிட்டான்.

நீங்கள் பெரிலைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான் ஷூவில் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு வூலா உங்களிடம் என்ன புகார் கொடுத்தாள் என்று தெரியவில்லை. ஆனால் எங்களுடையது சிரிப்புச் சத்தம் கேட்ட வீடு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டீ ஆறிவிடும், குடியுங்கள். இந்தப் பால்கனியில் காற்று கொஞ்சம் அதிகம்.

அப்பா கட்டிய பலகை வீடு அது. எங்கள் இருவர் பெயருக்கும் எழுதிவைத்தார், ஒரு நிபந்தனையோடு: பெரில் அங்கே குடியிருக்கும்வரை விற்கக்கூடாது, அவளால் தனியாகச் சமாளிக்க முடியாமல் போனால் விற்கலாம். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. என் மனைவி என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டபோது ஒரு பெட்டியோடு அங்கேதான் போய் நின்றேன். பெரில் எதுவும் கேட்கவில்லை. வெயில் விழும் முன்னறையை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். மறுநாள் காலை, வெஜிமைட் என்கிற கரிக்கும் கறுப்புப் பசையைத் தடவிய டோஸ்ட்டை நீட்டியபடி, "வெஜிமைட்டாவது உன்ன விட்டுப் போகாதுடா" என்றாள். அன்று தொடங்கி தினமும் காலையில் ஒரு கிண்டல். நல்ல கிண்டல்கள்தான். நான் டோஸ்ட்டை மென்றுகொண்டிருப்பேன். கடல் தெரிகிற, காலையில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்காத ஓர் இடத்தை நான் கற்பனை செய்துகொள்வேன். எல்லோரும் ஏதாவது கற்பனை செய்கிறார்கள்.

ஏஜென்ட்களைக் கூப்பிட்டது வெறும் ஆலோசனைக்குத்தான். எங்கள் ஊரில் அது தவறில்லை. கூப்பிட்டால் காசு வாங்காமல் வருவார்கள், அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், ஒரு விலை சொல்வார்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டத் தங்கள் முகம் போட்ட காந்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். விற்றே ஆகவேண்டும் என்றில்லை. தெருவில் பாதிப்பேர் சும்மாவே இதைச் செய்கிறார்கள். பெரிலுக்கும் பிடித்திருந்தது. தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் செய்துவைத்துக் காத்திருப்பாள்.

முதலில் வந்த அம்மாள் கம்பளத்தைக் கிழிக்கச் சொன்னார், அடியில் நல்ல மரத்தரை இருக்கிறதாம். இன்னொருவர் பின்கட்டில் துணி காயப்போடும் சுழல்கம்பியைப் பார்த்துக் கண்கலங்கினார். யார் வந்தாலும் கடைசியில் சமையலறையில் நின்று, குரலைத் தாழ்த்தி, "எப்போ காலியாகும்?" என்று கேட்பார்கள்.

"நான் செத்தப்புறம். அதுவரைக்கும் இன்னொரு லாமிங்டன் எடுத்துக்கங்க" என்பாள் பெரில்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்புவாள். "டேய் க்ளைவ், விக்கறதுன்னா சாமானோட சேத்து வித்துடு. ஒரு சுழல்கம்பி, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரில். கடைசி ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது."

கேரண்டி கிடையாது என்று அவளே சொன்னாள். அதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஜேரட் மற்றவர்களைப் போல இல்லை. அவன் படித்துவந்த தொழில் அது என்று பார்த்தாலே தெரியும். விற்பனைக்கு முன் வீட்டை ஒரு நாடகமேடை மாதிரி ஒழுங்குசெய்வதைப் பற்றிப் பேசினான்.

"வாங்கறவங்க வீட்டையா பாக்கறாங்க? தங்களைப் பாத்துக்கறாங்க, க்ளைவ். நாம பெருசா எதையும் மாத்தக்கூடாது. நாற்காலிய லேசா நகர்த்துங்க. கண்ணாடிய எதிர்ல மாட்டுங்க. யார் நகர்த்தினான்னு யாரும் கேக்கமாட்டாங்க. அவங்க மனசு தானா மாறிடும். அப்புறம், ஆள் வர்றதுக்கு முன்னாடி அடுப்புல ஒரு ரொட்டி போட்டுடுங்க. மூக்குதான் முதல்ல முடிவு பண்ணும்."

இவ்வளவு நயமான ஒரு கருத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உண்மையா என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. மறுநாள் பெரிலின் மூக்குக்கண்ணாடியை ஜன்னலோரத்திலிருந்து ரொட்டிப் பெட்டிக்கு நகர்த்தினேன். லேசாகத்தான்.

அவள் வாழ்நாளெல்லாம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. அதனால் முதலில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுச்சாவி ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கு அடியில் கிடைத்தபோது, "பட்டாணிக்கு எதுக்குடா சாவி? எங்க கிளம்புது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரங்களில் நாங்கள் நிறையச் சிரித்தோம். முதல்முறையாகக் காலை உணவின்போது கிண்டல் செய்வது நானாக இருந்தது.

பிறகு அவள் கும்குவாட் என்கிற குட்டி ஆரஞ்சில் மார்மலேட் ஜாம் கிளறினாள். சர்க்கரை ஜாடியையும் உப்பு ஜாடியையும் நான் இடம் மாற்றியிருந்தேன். ருசி பார்க்காமல் கிளறுவது அவளுடைய பெருமை. வூலாவுக்கு ஒரு பாட்டில் போனது. வூலா மரியாதை தெரிந்த கிரேக்கக்காரி. அருமை, அருமை என்று இரண்டு மூன்று நாள் சொல்லிவிட்டு, கடைசியில் தாங்கமுடியாமல் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பெரில், கோவிச்சுக்காத. இதுல ஆலிவ் ஊறப்போடலாம் போலிருக்கு."

பெரில் சிரிக்கவில்லை. உள்ளே வந்து அடுப்படியில் நின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அடுப்பின் திருகைத் தொட்டு, "கேஸ் ஆஃப்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். மதியம் அவள் கண்ணயர்ந்த பிறகு நான் அதை மறுபடி பற்றவைப்பேன். மிகச் சிறிய தீ. நான் ஆபத்தான ஆள் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன்.

அப்போதும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

ஆள் தனியாகச் சமாளிப்பாரா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கூப்பிட்டது நான்தான், அக்கறையுள்ள தம்பி கூப்பிடத்தானே செய்வான். அவள் தட்டையான துணி ஷூ போட்டிருந்தாள். பெரில் ஒன்பது கொடுத்தாள்.

அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பெரில் பதில் சொன்னாள். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் குறைப்பது. "ரெண்டுல வந்து நின்னுட்டேன், இதுக்கு மேல போனா கடன் வாங்கணும்" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். பழைய பெரில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் வாசனை கூடத்துக்கு வந்தது.

ஜேரட் ரொட்டி என்றான். நான் பால் வைத்திருந்தேன். பாத்திரம் அடியில் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மூக்கு முதலில் முடிவு செய்யும் என்று அவன் சொன்னது எவ்வளவு சரி. அந்தப் பெண் எழுந்து போய்த் திருகை அணைத்துவிட்டு, மென்மையாகத்தான் கேட்டாள். "பால் வெச்சிருந்தீங்களா, பெரில்?"

பெரில் என்னைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். என்னிடம் ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது. சின்ன வயதில் நான் உடைத்த ஜன்னல்களுக்கெல்லாம் தானே பழி ஏற்றுக்கொண்டு, பிறகு என்னைத் தனியாகப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் வெச்சிருப்பேன் போல" என்றாள் அவள்.

கவனியுங்கள், நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

முதியோர் இல்லம் நல்ல இல்லம். ஜன்னல் உண்டு. ஏலம் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசல் புல்வெளியில் நடந்தது. வழக்கம்போலத் தெருவே காபிக் கோப்பையும் நாயுமாக வேடிக்கை பார்க்கக் கூடியது. ஜேரட் கைதட்டிக் கைதட்டி விலையை ஏற்றினான். உள்ளே அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. உண்மையான ரொட்டி, நானே பிசைந்தது. வாங்கிய இளம் தம்பதிக்கு அந்த வாசனை ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு வீட்டை இடித்துவிட்டார்கள். சுழல்கம்பியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. வூலா மட்டும் ஏலத்துக்கு வரவில்லை. பெரிலைப் பார்க்கப் போயிருந்தாளாம்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆம், கண்ணாடி, சாவி, உப்பு, தீ, பால், எல்லாம் நான்தான். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் முடிவு என்று வரும்போது, ஏஜென்ட்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அரசாங்கத்துக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. கடைசியில் பெரிலுக்கே தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. இத்தனை பேரில் எதையும் முடிவு செய்யாதவன் நான் ஒருவன்தான். நான் கலந்தாலோசித்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் இல்லத்திலிருந்து அவளைப் போனில் பேசவைக்கிறார்கள். இங்கே, மெல்பர்னிலிருந்து வெகுதொலைவில், ஹெர்வி பே கடற்கரையில், இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவேன். போன வாரம், "அங்க பராமரிக்கற பொண்ணோட ஷூவுக்கு எத்தனை மார்க்?" என்று நானே கேட்டுப் பார்த்தேன். அவள் மார்க் போடவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பது போன்ற குரலில் பேசினாள்.

"டேய் க்ளைவ். உனக்கு சிரமம் இல்லன்னா ஒரே ஒரு தடவ வீட்டுக்குள்ள போய் பாத்துச் சொல்றியாடா? கேஸ அணைச்சிட்டுதான் வந்தேனான்னு?"