முன்சக்கரம் ஏன் சுற்றவில்லை

இந்தப் பொம்மை டேங்கின் சக்கரத்தைக் கழற்ற ஸ்குரு டிரைவர்கூட வேண்டாம், பகலவன் அண்ணா. உள்பக்கம் சின்னதாக ஒரு ஊசி இருக்கிறது. குண்டூசியால் தள்ளினால் வந்துவிடும். போனில் நீங்கள்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தீர்கள், இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன். காலையிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சக்கரத்தை விரலால் நெம்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அது சுற்றாது. ஏன் சுற்றாது என்று சொல்லத்தான் உங்களை இருக்கச் சொன்னேன். முதலில் அந்த மோரைக் குடியுங்கள்.

இன்று என் வீட்டுக்காரர் வேடியப்பனுக்குக் கருமாதி. பந்தியில் இலை போட்டதும் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். வேப்பமரத்தடியில் நின்று என் நாத்தனார் பச்சையம்மாளிடம் நீங்கள் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"எல்லாம் என் தப்புதாங்க. பிளாஸ்டிக் சக்கரம் போட்டதைக் கொண்டாந்து குடுத்தேன். அது படி ஏறாம மாட்டிக்கினு நின்னுடுச்சு. அவன் கூப்புட்டுக்கினே இருந்திருக்கான், இது போய்ச் சேரல."

பச்சையம்மாள் உள்ளே வந்து, "பாவம்டி ஜெயசுதா, அந்த மனுசனுக்கு ரெண்டு வாரமா சோறு எறங்கலயாம்" என்றாள். யாரோ செய்ததற்கு நீங்கள் பட்டினி கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

வேடியப்பன் பட்டாளத்தில் உங்களோடு டேங்க் ஓட்டியவர். ரிட்டயர் ஆகி வந்ததும் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் சாமை மூட்டைகளோடு இறங்கும்போது ஒரு வளைவில் ஜீப் உருண்டது. கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது. உடம்பில் தலையும் வலது கைக் கட்டைவிரலும் மட்டும்தான் அவர் சொன்ன பேச்சைக் கேட்டன. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்ததில் குரலும் போனது. அந்தக் குழாயில் சளி கட்டும். கட்டினால் மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். "லேட் பண்ணா மூச்சு நின்னுடும்மா" என்று டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். நான் ஒருநாளும் லேட் பண்ணியதில்லை. நாலு வருஷம் அப்படித்தான் போனது.

என்னைக் கூப்பிட அவர் விரலடியில் ஒரு மணி சுவிட்சைக் கட்டிவிட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. உதட்டை அசைப்பார், நான் படித்துக்கொள்வேன். "மணி அடிச்சா நீ ஓடியாரணும். நான் இன்னா உனுக்கு மொதலாளியா?" என்றார்.

அப்போதுதான் சின்னசேலத்திலிருந்து நீங்கள் இந்த டேங்கைக் கொண்டுவந்தீர்கள். ரிமோட்டை அவர் உள்ளங்கையில் வைத்துக் கட்டி, ஒரு குச்சியிலேயே முன்னே பின்னே, வலம் இடம் எல்லாம் போகிற மாதிரி பண்ணிக் கொடுத்தீர்கள். மறுநாள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். குதிகாலில் ஏதோ வந்து முட்டியது. பார்த்தால் இது. ஹாலுக்கு ஓடினேன். கட்டிலில் சத்தமே வராமல் அப்படிச் சிரிக்கிறார் மனுஷன். "இப்ப நான் தானடி உங்கிட்ட வந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணியைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒருமுறை முட்டினால் தண்ணீர். இரண்டுமுறை என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று என்றால் சளி. முட்டாமல் பக்கத்தில் வந்து நின்றால் ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று அர்த்தம். கட்டிலிலிருந்து அடுப்படி தெரியாது. ஆனாலும் மோட்டார் சத்தத்தை வைத்தே ஓட்டிக்கொண்டு வருவார். "நெஜ டேங்க்குல உக்காந்தா ஒரு சாண் சந்துதான் தெரியும், அதுலயே ஓட்டுனவன் நானு" என்று பெருமை வேறு. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அவருக்கென்று கொய்யாப்பழம் கொண்டுவந்தால் அதை டேங்க் மேல் வைக்கச் சொல்லி எனக்கு அனுப்பிவிடுவார்.

அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே மூன்று விரல் உயரத்துக்கு நிலைப்படி. ஏறி இறங்கி முன்சக்கரங்கள் விண்டு போகும். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத்தான் போன் போடுவேன். ஆப்பசோடாவைத் தூவி அதன்மேல் கோந்து விட்டால் கல் மாதிரி இறுகும் என்றீர்கள். அச்சுத் துளை தளர்ந்துபோனால் பேனா ரீஃபில் குழாயை வெட்டிச் சொருகச் சொன்னீர்கள். ஒட்டவே முடியாமல் நொறுங்கிப்போன சக்கரங்களுக்குப் பதில் பழைய ஹவாய் செருப்பில் வட்டம் வெட்டி மாட்டினேன். சின்ன வயதில் குச்சியில் செருகித் தெருவெல்லாம் ஓட்டுவோமே, அதே சக்கரம்தான். போட்டோ பார்த்துவிட்டு, "யம்மா, நீ பட்டாளத்து ஒர்க்ஷாப்புல இருக்க வேண்டியவ" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் கையால் செய்த சக்கரத்தில் என் புருஷன் வீட்டுக்குள் நடமாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சும்மா வருவது அதிகமாகிவிட்டது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் நாற்பத்தோரு தடவை வந்தது, அதில் இருபத்தெட்டு சும்மா. சோறு வடிக்கும்போது வரும். துணி துவைக்கும்போது புறக்கடைக் கதவு வரை வந்து நிற்கும். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினால் வரும். அவரைக் குறை சொல்லவில்லை. படுத்தே கிடக்கிற மனுஷனுக்கு வேறு போக்கிடம் ஏது? கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். எனக்கு அவர்மேல் கொள்ளை ஆசை, அண்ணா. இப்போதும் அப்படித்தான்.

சக்கரம் உடைந்த நாட்களில் மணியை எடுத்துக் கட்டுவேன். கையில் ஒன்றுதான் கட்ட முடியும், ஒன்று மணி, இல்லாவிட்டால் ரிமோட். மணியைக் கூச்சப்பட்டுக்கொண்டு தேவைக்கு மட்டும்தான் அடிப்பார். எனக்கு அதெல்லாம் லீவு நாள் மாதிரி. அரைமணி வேலையை ஒருநாள் செய்தேன். அப்புறம் இரண்டு நாள், மூன்று நாள் ஆக்கினேன். "ஒத்த சக்கரத்துக்கு மூணு நாளா?" என்று அவர் உதடு கேட்டது. கோந்து காயவில்லை என்றேன்.

பங்குனியில் நீங்கள் இரும்புச் சக்கரங்களை கூரியரில் அனுப்பினீர்கள். வந்து சேரவில்லை என்று உங்களிடம் சொன்னேன். வந்தது. பன்னிரண்டும் அரிசி டிரம்முக்குள் இருக்கின்றன, எடுத்துத் தருகிறேன். கூரியர்காரனை நீங்கள் இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தீர்கள், அந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்கப்புறம்தான் முன்சக்கரம். அச்சோடு சேர்த்துக் கோந்து விட்டு, சோடாவைத் தூவி இறுக்கிவிட்டேன். அது ஒன்று நின்றால் போதும், சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பெல்ட் அதன்மேல் தேய்ந்து வலு குறைந்துவிடும். ஹாலுக்குள் இழுத்துக்கொண்டு போகும், படி ஏறாது. நீங்கள் சொல்லிக்கொடுத்த வித்தையை நான் திருப்பிச் செய்தேன், அவ்வளவுதான். அவரிடம், "படியில முட்டுங்க, சத்தம் கேட்டு வந்துடுறேன்" என்றேன். சரி என்று தலையசைத்தார். என் பேச்சை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. ஒருமுறை முட்டினால் கொஞ்சம் பொறுத்துப் போவேன். மூன்று முட்டினால் ஓடிவிடுவேன்.

பத்துநாள் போல அப்படி ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் மூன்று முட்டு கேட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினால் குழாய் சுத்தமாக இருக்கிறது. அவர் சிரிக்கிறார்.

"இன்னாத்துக்கு இப்புடிப் பண்றீங்க?"

"மூணு முட்டுனாதான நீ வர்ற. உன்னைப் பாத்துக் காலையிலருந்து ஆச்சு."

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதேதான்.

அவர் இறந்த புதன்கிழமை மத்தியானம் நான் அசந்து தூங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷம் தூங்காதவள் ஒருநாள் தூங்கினால் யார் குறை சொல்வார்கள்? குஞ்சம்மாள் என் கன்னத்தைத் தடவி, "உன்ன மாதிரி எவடி பாத்துக்குவா, தெய்வம் நீ" என்று அழுதாள். ஊரே அதைத்தான் சொல்கிறது. நான் தூங்கவில்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தேன். படியில் மூன்று முட்டு கேட்டது. விளையாட்டு என்று நினைத்தேன். மறுபடி மூன்று. வரட்டும், இந்த முறத்தில் இருப்பதை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

இதுவரைக்கும் சொன்னதைப் பச்சையம்மாளிடமும் சொல்லிவிடலாம். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், பிறகு மன்னித்தும் விடுவாள். அவர் விளையாடியதும் உண்மை, நான் விளையாட்டு என்று நினைத்ததும் உண்மை. பதினாறு நாளாக எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டு படுத்தேன். உங்களை வேப்பமரத்தடியில் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இதையே சொல்லிக்கொண்டு படுத்திருப்பேன்.

நீங்கள் வந்து பார்த்தபோது டேங்க் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஹாலில் நின்றது. படியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தீர்கள். அங்கே கொண்டுபோய் வைத்தது நான்.

அது ஏறிவிட்டது, அண்ணா. முன்சக்கரம் செத்துக் கிடந்தும் ஏறியது. பின்னால் போய், வேகமாக வந்து மோதி, சறுக்கி, மறுபடி பின்னால் போய்... எத்தனை தடவை என்று எண்ணவில்லை. முறத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு மேலே வந்தது, கொஞ்சம் தத்தளித்தது, இந்தப் பக்கம் தடாலென்று விழுந்தது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்து குதிகாலில் முட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஹாலில் குழாய் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். விளையாட்டில் அந்தச் சத்தம் வராது.

நான் அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் வைத்தேன்.

அவர் விரல் அழுத்துகிறவரைக்கும்தான் அது ஓடும். உங்களுக்குத் தெரியும். பெல்ட் மேலே பார்த்து ஓடியது, நான் வெட்டிய செருப்புச் சக்கரங்கள் எல்லாம் நன்றாகவே சுற்றின. பின்னால் போகப் பார்த்தது, திரும்பப் பார்த்தது, மறுபடி முன்னால் வரப் பார்த்தது. அது நிற்கிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நின்ற பிறகுதான் எழுந்து அவரிடம் போனேன்.