பாட்டு முடியும்வரை

முடி கலையாமலிருக்க ஜெலட்டினை வெந்நீரில்தான் கரைக்க வேண்டும், ஐயா. பச்சைத் தண்ணீரில் கரைத்தால் கட்டி தட்டிவிடும். அன்று காலையும் எங்கள் நீச்சல் நடனக் குழுவின் எட்டுப் பெண்களுக்கும் பயிற்சியாளரான நானே தலையில் பூசிவிட்டேன். கடைசியாக வந்து உட்கார்ந்தவள் என் அக்கா மகள். குழுவில் அவளுக்கு மீன்குஞ்சு என்று பெயர். பெற்ற என் அக்காவுக்குக் கால் நனைக்கவே பயம், அது வேறு கதை.

"சித்தி, ரெண்டு நாளா முங்கினா கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

நீச்சல் குளத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். சித்தி என்றால் சலுகை கேட்கிறாள் என்று அர்த்தம். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டினால் ஊர் வாயை மூட முடியுமா?

"தண்ணிக்குள்ள போனா எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

என் பயிற்சியில் மூச்சு முட்டி முதலில் மேலே வருகிறவள் மறுநாள் கரையில் உட்கார வேண்டும். அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் அவளை மெச்சியதில்லை, தலைக்கனம் வந்துவிடும் என்று.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அது. பாட்டின் நடுவில் எட்டுப் பேரும் தலைகீழாக முங்கிக் கால்களை மேலே நீட்டினார்கள். ஒரு ஜோடிக் கால் மட்டும் மெல்லச் சாய்ந்து உள்ளே போயிற்று. பக்கத்தில் நின்ற லைஃப்கார்டு பதறினாள். என்னிடம் நீந்தக் கற்றவள், என் பேச்சைத் தட்டமாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், பொண்ணு கீழ போகுது."

"இரும்மா. பாட்டு முடியட்டும்."

நடுவில் யாராவது இறங்கினால் ஆட்டம் செல்லாது. மற்ற ஏழு பிள்ளைகளின் உழைப்பும் வீணாகியிருக்கும். பாட்டு நின்றதும் முதலில் குதித்தவள் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் அக்கா பிள்ளையின் துண்டை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டேயிருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை.

"அவ உன்னைக் கூப்பிட்டாளாடி?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லக்கா."

அது பொய். கடைசியாக முங்குவதற்கு முன் ஒருமுறை மேலே வந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். சித்தி என்று உதடு அசைந்தது. முகம் வாடினால் நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். சிரி என்று விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

பயந்த பிள்ளை அப்படிச் சிரிக்குமா? நீங்களே சொல்லுங்கள்.