சுப்பம்மாவுக்கு வாசித்த கடிதங்கள்

கடிதம் வாசிப்பதில் எனக்கு ரப்பர் தோட்டத்தில் நல்ல பெயர். யட்டியாந்தோட்டை கடைவீதியிலிருந்து தபால் பையைத் தூக்கி வருவது என் வேலை. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. கடிதத்தைக் கொடுப்பவனே வாசித்தும் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா இதைக் குறித்துக்கொள்ளலாம்: போன ஆடி வரை நான் ஒரு சொல்லையும் மாற்றி வாசித்ததில்லை.

ஆடியில் கடைவீதியில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டது. அவர்களுடைய பெண்வேஷக்காரன் ஓடிப்போயிருந்தான். நாடக வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மகன் செத்த சேதி கேட்டுத் தாய் புலம்புற கட்டம். வசனத்த நீயே தயார் பண்ணிக்கிட்டு வா. ஒரு மாசம் தர்றேன். தேறினா எங்களோட கப்பல் ஏறலாம்."

ரப்பர் வாடையை விட்டுப் போக எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வசனம் ஒரே நாளில் எழுதிவிட்டேன். அழுகைதான் வரவில்லை. அழுகிறவர்களைப் பார்த்துப் படிக்கலாமென்றால் தோட்டத்தில் அந்த மாதம் யாரும் சாகவில்லை.

முதலில் மூக்கையாவுக்கு வந்த கல்யாணக் கடிதத்தை, ஊரில் அவன் அண்ணன் இறந்ததாக வாசித்தேன்.

"எந்த அண்ணேன்?"

"பெரியவர்."

"அவரு போன வருசமே செத்துட்டாரே. மறுபடியுமா?"

அவனால் எனக்குப் பிரயோசனம் இல்லை.

அடுத்தது சுப்பம்மா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஒரே மகன் ஐயாவு இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் வேலை செய்தான். குழி சரிந்து அவன் இறந்ததாக வாசித்தேன். "வாளிய வச்சிட்டு வாரேன்" என்று போனாள். வந்து, "இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றாள். வாசித்தேன். அழவில்லை. எனக்கு இருபது நாள்தான் மீதி.

அடுத்த வாரம், மண்ணுக்குள்ளிருந்து மூன்று நாள் சத்தம் கேட்டதாக வாசித்தேன். அதற்கடுத்த வாரம், அவன் கூப்பிட்டது அம்மாவை என்று. மூன்றும் ஐயாவு அனுப்பிய கடிதங்கள்தான். சுகமாக இருக்கிறேன், தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

மறுநாள் காலை அவள் ஆற்றுப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை சேலையை விடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். காட்சி கெட்டுவிடும் என்று கூப்பிடவில்லை.

அதை அப்படியே வாத்தியாரிடம் நடித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

"சாகப் போறவ எவளாச்சும் சேலையத் தூக்கிப் பிடிப்பாளா? பொம்பளையப் பார்த்திருக்கியாடா நீ?"

கம்பெனி என்னை விட்டுவிட்டுக் கண்டிக்குப் போய்விட்டது.

நேற்று, தீபாவளிக்கு, ஐயாவு வந்தான். பேய் என்று லயமே கதவைச் சாத்திக்கொண்டது. அதனால் அம்மா இறந்த சேதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் மண்ணில் விழுந்தான். நெஞ்சில் அறைந்துகொண்டான். நான் எழுதிய வசனத்தைவிட நல்ல வசனமாக வந்தது. கொஞ்சம் எழுதி வைத்துக்கொண்டேன்.

"நான் செத்துட்டேன்னு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டான். நான்தான் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வருத்தப்படுகிறாயா என்று ஐயா கேட்டீர்கள். ஆமாம். மகனிடம் போயிருக்க வேண்டிய நான், தாயிடம் போய் ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேன். ஆனால் அவள் செத்ததற்கு என்னைச் சொல்வது நியாயமில்லை. அவளுக்கு அழத் தெரிந்திருந்தால் முதல் கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன்.